பழைய காரின் கிலோமீட்டர் கணக்கு: முள் காட்டும் வேகத்தையும் எண் காட்டும் தூரத்தையும் எந்த அளவுக்கு நம்பலாம்?

மும்பை:

மும்பையின் வடகிழக்குப் புறநகரான பாண்டுப்பில் பழைய கார் ஒன்று கைமாறும்போது, விற்பவரும் வாங்குபவரும் தவறாமல் குனிந்து பார்க்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளின் அருகே வரிசையாக நிற்கும் ஐந்து அல்லது ஆறு இலக்கங்களே அது. அந்த எண் நாற்பதாயிரத்தில் இருந்தால் ஒரு விலை. ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் வேறொரு விலை. எஞ்சினின் சத்தத்தைக் கேட்டோ அடித்தட்டில் ஏறிய துருவைப் பார்த்தோ பேரம் பேசத் தெரியாதவர்கூட, இந்த எண்ணை வைத்துப் பேரம் பேசிவிடுவார்.

காரின் விலையில் பல ஆயிரம் ரூபாயைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல அந்த எண்ணுக்கு எந்த அரசுத் துறையும் முத்திரை இடுவதில்லை. அதே பாண்டுப் ரயில் நிலைய வாசலில் வரிசையில் நிற்கும் ஆட்டோரிக்‌ஷாவின் மீட்டர் நிலை வேறு. அது சட்டமுறை எடையளவுத் துறையின் பரிசோதனைக்கு உட்பட்டது. காய்கறிக் கடையின் தராசைப் போலவே சீல் வைக்கப்படுவது. மும்பைப் பெருநகரப் பகுதியில் 2025 பிப்ரவரி 1 முதல் ஆட்டோவுக்கு முதல் 1.5 கிலோமீட்டருக்கு 26 ரூபாய் என்றும், அதன்பின் கிலோமீட்டருக்கு 17.14 ரூபாய் என்றும் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டபோது, மீட்டர்கள் அனைத்தையும் புதிய கட்டணத்துக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

இந்த இரண்டு கருவிகளின் பிழையையும் பணமாக மாற்றிப் பார்த்தால் முரண் புலப்படும். பத்து கிலோமீட்டர் ஆட்டோ பயணத்துக்கு மேற்கண்ட கட்டணப்படி சுமார் 172 ரூபாய் ஆகும். மீட்டர் இரண்டு சதவீதம் கூடுதலாக ஓடினால் பயணிக்கு இழப்பு மூன்றரை ரூபாய் அளவில் இருக்கும். அந்த மூன்றரை ரூபாயைக் காக்கச் சட்டமும் சீலும் உண்டு. காரின் தூரக்கணக்கு பாதியாகக் குறைத்துக் காட்டப்பட்டால் ஏற்படும் இழப்பு பல்லாயிரம் ரூபாய். அதைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் வாங்குபவரிடமே விடப்பட்டுள்ளது.

ஒரே கேபிள், இரண்டு கருவிகள்

மும்பைக்கும் பழைய கார்களுக்கும் உள்ள உறவைப் பேசும்போது பிரீமியர் பத்மினியைத் தவிர்க்க முடியாது. பாண்டுப்பிலிருந்து லால் பகதூர் சாஸ்திரி சாலையில் தெற்கே சென்றால் வரும் குர்லாவில் தயாரான இந்தக் கார், பல பத்தாண்டுகள் நகரின் கறுப்பு-மஞ்சள் டாக்சியாக ஓடியது. மும்பையில் டாக்சிகளுக்கான வயது வரம்பு 2008-இல் 25 ஆண்டுகளாகவும், 2013-இல் 20 ஆண்டுகளாகவும் நிர்ணயிக்கப்பட்டது. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தாட்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டது. அதன்படி 2023 அக்டோபர் 30 முதல் அந்த டாக்சிகள் மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்றன.

அந்த டாக்சிகளில் பயணித்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். காரின் உள்ளே ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்ஜியத்திலேயே படுத்திருக்க, வெளியே இடப்புறம் பொருத்தப்பட்ட கட்டண மீட்டர் மட்டும் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும். வருமானம் தரும் கருவி பழுதானால் அன்றே சரிசெய்யப்படும். வருமானம் தராதது அப்படியே கிடக்கும். பழைய வாகனங்களின் அளவுக் கருவிகள் பற்றிய பாதி உண்மை இந்தக் காட்சியிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

மீதிப் பாதி, கருவியின் உள்ளே இருக்கிறது. வேகம் காட்டும் ஸ்பீடோமீட்டரும் தூரம் காட்டும் ஓடோமீட்டரும் ஒரே பெட்டிக்குள் அமைந்திருப்பதால் இரண்டும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். இரண்டையும் இயக்குவது ஒரே கேபிள்தான். ஆனால் அவை அளக்கும் முறை முற்றிலும் வேறு.

பழைய கார்களில் கியர்பெட்டியின் வெளியேறும் முனையிலிருந்து வளையக்கூடிய உலோகக் கேபிள் ஒன்று டேஷ்போர்டு வரை வருகிறது. சக்கரம் சுழலும் விகிதத்தில் இந்தக் கேபிளும் உறைக்குள் சுழல்கிறது. அதன் மறுமுனையில் ஒரு காந்தம் இணைக்கப்பட்டுள்ளது. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், அலுமினியத்தாலான சிறு கிண்ணம் ஒன்று கவிந்திருக்கும். காந்தம் சுழலும்போது அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தையும் தன்னோடு இழுக்கப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருக்கும். இரண்டு இழுப்புகளும் சமன்படும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே என்பவர் 1902-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு, நூற்றாண்டு முழுவதும் பெரிய மாற்றமின்றி உலகெங்கும் பயன்பட்டது. பிரீமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, இன்று ப்ரிகால் என அறியப்படும் கோயம்புத்தூர் நிறுவனம் இந்தியாவில் இத்தகைய கருவிகளால் பெயர் பெற்றது.

ஓடோமீட்டரில் காந்தமும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. அதே கேபிளின் சுழற்சியைத் திருகு வடிவப் பற்சக்கரங்கள் படிப்படியாகக் குறைத்து, எண்கள் பொறித்த சிறு உருளைகளைத் திருப்புகின்றன. கேபிள் இத்தனை முறை சுற்றினால் ஒரு கிலோமீட்டர் என்பது பற்களின் எண்ணிக்கையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. சுருக்கமாகச் சொன்னால் முள் மதிப்பிடுகிறது, எண் எண்ணுகிறது. மதிப்பிடுபவருக்கு வயதானால் கணிப்பு தடுமாறும். எண்ணுபவர் எண்ணிக்கொண்டே இருப்பார், அல்லது ஒருநாள் நிறுத்திவிடுவார்.

முதுமை எப்படிப் பாதிக்கிறது

ஆண்டுகள் செல்லச் செல்ல காந்தத்தின் வலிமை குறையலாம். அப்போது கிண்ணத்தின் மீதான இழுப்பு தளர்ந்து, முள் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். சுருள்வில் தளர்ந்தால் விளைவு நேரெதிர். முள் கூடுதலாகக் காட்டும். கேபிளில் இட்ட கிரீஸ் மேலேறிக் கருவிக்குள் புகுந்துவிட்டால் முள் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். கேபிள் வறண்டோ கூர்மையாக மடங்கியோ இருந்தால், சீரான வேகத்தில் செல்லும்போதும் முள் நடுங்கும். இத்தனை கோளாறுகளிலும் கேபிள் சுழன்றுகொண்டிருக்கும் வரை ஓடோமீட்டரின் கணக்கில் மாற்றம் இருக்காது என்பது குறிப்பிடத்தக்கது.

மாறாக, ஓடோமீட்டரின் சிறு பற்சக்கரத்தில் பல் உடைந்தால் முள் வழக்கம்போல் வேகம் காட்டும். எண் மட்டும் உறைந்து நிற்கும். பகலில் முள்ளை மட்டும் கவனித்து ஓட்டும் உரிமையாளர் இதைப் பல மாதங்கள் அறியாமலே இருக்கலாம். கேபிளே அறுந்தால் இரண்டும் நின்றுவிடும். அறுந்த கேபிளை மாற்றச் செலவு அதிகமில்லை என்றாலும், வண்டி ஓடுகிறதே என்று அதைத் தள்ளிப்போடுவோர் உண்டு. அந்த மாதங்களில் ஓடிய தூரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

எனவே பழைய கார் ஒன்றின் எண் குறைவாக இருப்பதற்குப் பின்னால் எப்போதும் மோசடி இருக்க வேண்டும் என்பதில்லை. பல பழைய கார்களில் ஐந்து இலக்கங்களே உள்ளன என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். 99,999-க்குப் பிறகு அவை மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அத்தகைய காரில் 38,000 என்ற எண், 1,38,000 ஆகவும் இருக்கலாம். 2,38,000 ஆகவும் இருக்கலாம். விற்பவர் பொய் சொல்லவில்லை, கருவி மறந்துவிட்டது.

டயர் மாற்றினால் கணக்கு மாறும்

இதுவரை சொன்னவை கருவியின் குறைகள். கருவி பழுதற்ற நிலையில் இருந்தாலும் அதை ஏமாற்றக்கூடிய பொருள் ஒன்று உண்டு. அதுதான் டயர். பாண்டுப்பில் டயர் தொழிற்சாலையே இயங்குகிறது. சியட் நிறுவனத்தின் அந்த ஆலை அப்பகுதியின் பழைய அடையாளங்களுள் ஒன்று. ஆனால் டயரின் அளவுக்கும் டேஷ்போர்டில் தெரியும் எண்ணுக்கும் உள்ள தொடர்பை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

ஸ்பீடோமீட்டரோ ஓடோமீட்டரோ சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டுமே அவற்றுக்குத் தெரியும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதைத் தொழிற்சாலை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துள்ளது. டயரின் சுற்றளவு மாறினால் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும்.

1983 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 காரை எடுத்துக்கொள்ளலாம். அதில் பரவலாகப் பயன்பட்ட டயர் 145/70 ஆர் 12 அளவைக் கொண்டது. அகலம் 145 மில்லிமீட்டர். பக்கவாட்டு உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 101.5 மில்லிமீட்டர், உள்ளே 12 அங்குலச் சக்கரம். மொத்த விட்டம் ஏறத்தாழ 508 மில்லிமீட்டர். சுற்றளவு சுமார் 1,595 மில்லிமீட்டர். மேடுபள்ளச் சாலைகளுக்கு உயரம் வேண்டும் என்று கருதி ஒருவர் இதே காரில் 145/80 ஆர் 12 டயரைப் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயரில் ஓர் எண்தான் மாறியிருக்கிறது. சுற்றளவோ சுமார் 1,686 மில்லிமீட்டராகிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கார் முன்பைவிட 5.7 சதவீதம் கூடுதல் தூரம் நகர்கிறது.

கருவிக்கு இது தெரியாது. உண்மையில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் அது 94,600 என்றே பதியும். ஏறத்தாழ 5,400 கிலோமீட்டர் கணக்கில் வராமல் போகும். டைமிங் பெல்ட், ஆயில் போன்றவற்றைத் தூரத்தை வைத்து மாற்றுபவர்களுக்கு இது வெறும் எண் விளையாட்டன்று. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது என்ற கணக்கும் அதே அளவு குறைவாகத் தெரியும். கார் முன்பைவிட அதிகம் பெட்ரோல் குடிப்பதாகத் தோன்றும்.

தேய்ந்த டயர் இதற்கு நேரெதிராகச் செயல்படுகிறது. புதிய டயரில் சுமார் 7 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளங்கள், மாற்றியே ஆக வேண்டிய 1.6 மில்லிமீட்டர் அளவுக்குத் தேயும்போது, மேற்சொன்ன சிறிய டயரின் விட்டம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் குறைகிறது. இது 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். தேய்ந்த டயரில் ஓடும் கார், ஓடாத தூரத்தையும் ஓடியதாகப் பதிகிறது. காற்றழுத்தம் குறைந்தாலும் இதே திசையில் சிறு பிழை உண்டாகும்.

முள் கூடுதலாகக் காட்டுவது ஏன்

ஸ்பீடோமீட்டர் புதிய நிலையிலும் மிகச் சரியாகக் காட்டுவதில்லை. அப்படிக் காட்டும்படி அது வடிவமைக்கப்படவும் இல்லை. பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குமுறை இதற்கு ஒரு தெளிவான வரம்பு வகுத்துள்ளது. முள் எந்நிலையிலும் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்குடன் மேலும் 4 கிலோமீட்டர் சேர்த்த அளவைத் தாண்டக் கூடாது. இதன்படி உண்மை வேகம் மணிக்கு 40 கிலோமீட்டராக இருந்தால் முள் 48 வரை காட்டலாம். 80-க்கு 92 வரையிலும், 100-க்கு 114 வரையிலும் காட்டலாம். டயர் தேய்மானம், வெப்பநிலை, உற்பத்தியில் ஏற்படும் சிறு வேறுபாடுகள் என எது குறுக்கிட்டாலும், ஓட்டுநர் தாம் நினைப்பதைவிட வேகமாகப் போய்விடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆவது விதி, வாகனங்களில் ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும் என வலியுறுத்துகிறது.

முள் சற்றுக் கூடுதலாகக் காட்டும் இந்த ஏற்பாட்டில்தான் ஒரு விந்தை ஒளிந்திருக்கிறது. தொழிற்சாலை டயருடன் 80 கிலோமீட்டர் உண்மை வேகத்தில் 86 காட்டிய மாருதி 800, மேற்சொன்ன பெரிய டயரைப் பொருத்திய பின் அதே வேகத்தில் 81 அளவில்தான் காட்டும். கைப்பேசியின் ஜிபிஎஸ் செயலியோடு ஒப்பிடும் உரிமையாளர், தமது ஸ்பீடோமீட்டர் முன்பைவிடச் சரியாகிவிட்டதாக மகிழக்கூடும். உண்மையில் ஓடோமீட்டர் அன்று முதல்தான் தவறாக எண்ணத் தொடங்குகிறது. முள்ளின் பிழை திருந்தும்போதே எண்ணின் பிழை பிறக்கிறது. ஒன்றின் துல்லியத்தைக் கொண்டு மற்றொன்றின் துல்லியத்தை முடிவு செய்ய இயலாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

காந்தம் தளர்ந்த பழைய கருவியும் பெரிய டயரும் ஒரே காரில் சேர்ந்துவிட்டால் நிலைமை விளையாட்டல்ல. இரண்டு பிழைகளும் ஒரே திசையில் சேரும். முள் 75 காட்டும்போது கார் 80-ஐத் தாண்டியிருக்கலாம். பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தில் கார்களுக்கான வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது பாலத்தில் 100. கேமராவோ ரேடாரோ டேஷ்போர்டைப் பார்ப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவின்படி இலகு ரக வாகனம் வரம்பு மீறினால் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படும். முள் குறைவாகக் காட்டியது என்பது அங்கே பதிலாகாது. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து, மழைக்காலத்தில் ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும் என்பதே.

திருப்பி வைக்கப்படும் எண்

இயற்கையான பிழைகள் சில சதவீதத்துக்குள் அடங்கும். வேண்டுமென்றே செய்யப்படும் பிழைக்கு எல்லை கிடையாது. பழைய உருளை ஓடோமீட்டர்களில் கருவியைக் கழற்றி எண்களைப் பின்னுக்குத் திருப்பினார்கள். இலக்கங்கள் ஒரே கோட்டில் நிற்காமல் மேலும் கீழுமாகத் தெரிவதும், டேஷ்போர்டு திருகுகளில் கீறல் இருப்பதும் அதன் தடயங்கள். மின்னணு ஓடோமீட்டர் வந்தால் இது ஒழிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. அவற்றில் தூரம் ஒரு சிறு நினைவகச் சில்லில் எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. அதை மாற்றியெழுதும் சாதனங்கள் சந்தைக்கு வந்துவிட்டன. திரையில் தெரியும் இலக்கங்கள் கோணலாக நிற்பதுமில்லை. தடயமின்றி ஏமாற்றுவது எளிதாயிற்று என்றே சொல்ல வேண்டும்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அமெரிக்காவில் ஓடோமீட்டரைத் திருத்துவதற்கு எதிராக 1972-இலேயே கூட்டாட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. இருந்தும் ஆண்டுதோறும் 4.5 லட்சத்துக்கும் அதிகமான வாகனங்கள் பொய்யான எண்ணுடன் விற்கப்படுவதாக அந்நாட்டின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிடுகிறது. பெரிய நிறுவனங்களும் இதில் சிக்கியதுண்டு. நிர்வாகிகள் ஓட்டிப் பார்த்த கார்களின் ஓடோமீட்டர் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பின்னர் அவற்றைப் புதியவை என விற்றதாக கிரைஸ்லர் நிறுவனம் மீது 1987-இல் குற்றச்சாட்டு பதிவானது. அதன் தலைவர் லீ ஐயகோக்கா பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஹோண்டா விவகாரம் வேறு வகை. அந்நிறுவனத்தின் 2002 முதல் 2006 வரையிலான மாடல்களில் ஓடோமீட்டர் கூடுதலாக எண்ணுவதாக அமெரிக்காவில் வழக்கு தொடரப்பட்டது. உத்தரவாதத்துக்கான தூர வரம்பை 5 சதவீதம் நீட்டித்துத் தர நிறுவனம் உடன்பட்டது. சில சதவீதப் பிழை உத்தரவாதத்தை முன்கூட்டியே முடித்துவிடும் என்பதை வாடிக்கையாளர்கள் கவனித்ததால் விளைந்த தீர்வு அது.

பெல்ஜியம் 2006 முதல் வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. கார் பழுதுபார்ப்பு நிலையத்துக்கோ பரிசோதனைக்கோ செல்லும் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் எண் பொதுத் தரவுத்தளத்தில் பதிவாகிறது. காரை விற்கும்போது அந்த வரலாற்றைக் காட்டும் சான்றிதழைக் கொடுப்பது கட்டாயம். நேற்று 90,000 காட்டிய கார் இன்று 50,000 காட்டினால் தாளிலேயே தெரிந்துவிடும்.

இந்தியாவில் வாகனப் பதிவு விவரங்களைப் பொதுமக்கள் இணையத்தில் பார்க்க முடிகிறது. பதிவுத் தேதி, தகுதிச் சான்று, காப்பீடு, மாசுச் சான்று ஆகியவற்றின் காலம் போன்றவை அதில் கிடைக்கின்றன. கிலோமீட்டர் வரலாறு அதில் இடம்பெறுவதில்லை. பாண்டுப் பகுதி வாகனங்கள் வடாலாவில் உள்ள மும்பை கிழக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கீழ் வருகின்றன. அவற்றின் எண் எம்.எச்.03 எனத் தொடங்கும். பதினைந்து ஆண்டுகள் நிறைந்த தனியார் காரின் பதிவைப் புதுப்பிக்கத் தகுதிச் சோதனை உண்டு. சோதிக்கப்படும் உறுப்புகளில் ஸ்பீடோமீட்டரும் ஒன்று. ஆனால் மொத்தத் தூரம் என்று அது காட்டும் எண் மெய்யா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

ஒரு முன்னேற்றம் நடந்துள்ளது. பழைய வாகன வியாபாரிகளுக்கான புதிய விதிகள் 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி அங்கீகாரம் பெற்ற வியாபாரி, தம் வசமுள்ள வாகனம் எதற்காக, யாரால், எப்போது, எவ்வளவு தூரம் ஓட்டப்பட்டது என்பதை மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். காரை வியாபாரியிடம் ஒப்படைத்த நாள் முதல் அது விற்கப்படும் நாள் வரையிலான கணக்குக்கு இது உதவும். அதற்கு முந்தைய ஆண்டுகள் பழைய நிலையிலேயே உள்ளன. உறவினர், அண்டைவீட்டார், தரகர் வழியாக நடக்கும் விற்பனைக்கும் இது பொருந்தாது. பாண்டுப் போன்ற புறநகர்களில் பழைய கார்கள் அப்படியும் கைமாறுகின்றன.

வாங்குவதற்கு முன் சரிபார்க்க

முள்ளைச் சோதிப்பது எளிது. அதிகாலையில், நெரிசல் இல்லாத நேரத்தில், கிழக்கு விரைவு நெடுஞ்சாலை போன்ற நேரான சாலையில் சீரான வேகத்தில் கார் செல்லும்போது, உடன் அமர்ந்திருப்பவர் கைப்பேசியில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஓட்டுநர் கைப்பேசியைத் தொடக் கூடாது. அது தனிக் குற்றம். ஜிபிஎஸ் வேண்டாம் என்பவர்களுக்குக் கிலோமீட்டர் கற்களும் கடிகாரமும் போதும். முள் 60-இல் நிற்கும்போது ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லை அடைய 60 விநாடி ஆனால் முள் சரி. 64 விநாடி ஆனால் உண்மை வேகம் 56-தான். 57 விநாடியில் அடைந்துவிட்டால் உண்மை வேகம் 63. அந்தக் காரின் கருவியையோ டயரையோ உடனே பார்க்க வேண்டும்.

எண்ணும் வேகத்தைச் சோதிக்க, குறைந்தது ஐந்து கிலோமீட்டர் கற்களுக்கு இடையே டிரிப் மீட்டரை ஓடவிட்டு ஒப்பிடலாம். ஆனால் இது இன்று ஓடோமீட்டர் சரியாக எண்ணுகிறதா என்பதை மட்டுமே சொல்லும். நேற்றுவரை எண்ணியது திருத்தப்பட்டதா என்பதைச் சொல்லாது. அதற்குச் சான்றுகளை வேறிடத்தில் தேட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையங்களின் பழைய ரசீதுகள் ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர் எண் இருக்கும். பழைய கேரேஜ்களில் ஆயில் மாற்றியபோது எஞ்சின் அறைக்குள் ஒட்டிய அட்டை கிழியாமல் இருந்தால் அதுவும் சான்றுதான். எஞ்சின் மற்றும் ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சில மாடல்களில் தூரத்தைத் தனியே சேமித்து வைத்துள்ளன. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் அதைப் படித்துச் சொல்ல முடியும்.

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் பொறித்த நான்கு இலக்கங்களையும் படிக்கலாம். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். 2018-இல் பதிவான கார் 18,000 கிலோமீட்டரே ஓடியதாகச் சொல்லப்பட்டு, நான்கு டயர்களும் 2023-இல் தயாரானவையாக இருந்தால், முதல் டயர்கள் ஏன் அவ்வளவு விரைவில் மாற்றப்பட்டன என்று கேட்க இடமுண்டு. வழுவழுப்பான பிரேக் மிதி ரப்பர், பளபளக்கும் ஸ்டியரிங், அமுங்கிய ஓட்டுநர் இருக்கை ஆகியவை எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்கலாம். எளிய வகுத்தல் கணக்கும் உதவும். பத்து ஆண்டுகள் ஓடிய காரில் 32,000 கிலோமீட்டர் என்றால் நாளொன்றுக்கு ஒன்பது கிலோமீட்டர்கூட இல்லை. பாண்டுப்பிலிருந்து தாணேக்கு ஒருமுறை போய்த் திரும்பினாலே அதைவிட அதிகமாகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எடுக்கும் குடும்பங்களும் உண்டு என்பதால் இது தீர்ப்பன்று. கேள்வி கேட்பதற்கான காரணம் மட்டுமே.

ஏமாற்றப்பட்டது உறுதியானால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின் கீழ் மோசடிப் புகார் அளிக்க வழி உண்டு. வியாபாரியிடமிருந்து வாங்கியிருந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். இரண்டிலும் முதலில் கேட்கப்படுவது, விற்பனை நாளில் எந்த எண் சொல்லப்பட்டது என்பதற்கான ஆதாரம். உரிமை மாற்றத்துக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளிக்கப்படும் 29, 30 எண் படிவங்களில் கிலோமீட்டருக்கென ஒரு கட்டம் இல்லை. ஆகவே விற்பனை ரசீதிலோ தனித்தாளிலோ தேதியுடன் அந்த எண்ணை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, டேஷ்போர்டின் புகைப்படத்தையும் அதனுடன் இணைத்து வைத்துக்கொள்வதே இப்போதைக்கு வாங்குபவர் கையில் உள்ள முத்திரை.